மாத்திரை டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு பாலிசி எடுங்கள்!

வெயில் ஏறத் தொடங்கினால் என் வைத்தியசாலைக்கு ஒரு தனிக் கூட்டம் வரும். கையில் பெரிய பை, முகத்தில் பெரிய சந்தோஷம். "பொண்ணுக்கு அமெரிக்காவுல பிரசவம் டாக்டர். ஆறு மாசம் இருக்கப் போறோம். அதுக்கு வேண்டிய சூரணம், தைலம் எல்லாம் மொத்தமா கட்டிக் கொடுத்திடுங்க."

கட்டிக் கொடுப்பதற்கு முன்னால் நான் ஒரு கேள்வி கேட்பேன். "இன்சூரன்ஸ் எடுத்தாச்சா?"

"அதெல்லாம் மாப்பிள்ளையே கம்ப்யூட்டர்ல எடுத்துட்டார்."

"உங்களுக்குச் சர்க்கரை இருக்கே, அதை எழுதினாரா?"

கணவர் மனைவியைப் பார்ப்பார். மனைவி ஜன்னலைப் பார்ப்பார். மாப்பிள்ளைக்கு மாமனாரின் சர்க்கரை பற்றித் தெரியவே தெரியாது என்பது அப்போதுதான் வெளியே வரும்!

சித்த வைத்தியருக்கு இன்சூரன்ஸில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். பிரீமியக் கணக்கு எனக்குத் தெரியாதுதான். ஆனால் அந்த விண்ணப்பத்தில் இருக்கும் முக்கியமான கேள்விகள் எல்லாம் உடம்பைப் பற்றிய கேள்விகள். நோயாளியின் உடம்பை அறிந்த மருத்துவர் பக்கத்தில் இல்லாமல், ஏழு கடல் தாண்டி இருக்கும் பிள்ளை ராத்திரி பதினோரு மணிக்கு 'இல்லை, இல்லை, இல்லை' என்று வரிசையாகத் தட்டிவிட்டுப் போவதைத்தான் நாம் இன்சூரன்ஸ் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

என் கட்சி இதுதான். வயதானவர்கள் பயண இன்சூரன்ஸ் எடுக்கும்போது பிரீமியம் எவ்வளவு, எத்தனை ஆயிரம் டாலருக்குப் பாலிசி என்று பார்ப்பது எல்லாம் அப்புறம். உங்கள் உடம்பில் ஏற்கெனவே குடியிருக்கும் நோய்க்கு அந்தப் பாலிசி என்ன பதில் சொல்கிறது என்பதை முதலில் பாருங்கள். முப்பது வயதுப் பையன் வெளிநாட்டில் ஆஸ்பத்திரிக்குப் போனால் கால் முறிந்தோ, காய்ச்சல் வந்தோ போவான். அறுபத்தெட்டு வயதுக்காரர் போவது பெரும்பாலும் இங்கிருந்து கூடவே கூட்டிக்கொண்டு போன நோயால்தான். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, இதயம், மூச்சிரைப்பு, சிறுநீரகம்... இவற்றை விட்டுவிட்டு ஒரு பாலிசி எடுத்தால், குடையை வீட்டில் வைத்துவிட்டு ரெயின்கோட் பட்டனை மட்டும் எடுத்துக்கொண்டு போவது மாதிரி!

நம்மவர்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. "உடம்புக்கு என்ன?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பதுதான் முதல் பதில். "சுகர் இருக்கா ஐயா?" என்று கேட்டால், "இல்ல டாக்டர், மாத்திரை போட்டுக்கறேன்ல, அதனால இல்ல" என்பார்கள். மாத்திரையால் கட்டுப்பட்டிருப்பதை 'இல்லை' என்று கணக்கில் எழுதிவிடுகிறார்கள். பத்து வருஷத்துக்கு முன் ஸ்டென்ட் வைத்தது 'பழைய கதை'. தைராய்டு மாத்திரை 'காலையில ஒண்ணே ஒண்ணு, சின்னது'. கொலஸ்ட்ராலுக்குக் கொடுத்தது 'சும்மா ஒரு பாதுகாப்புக்கு'.

எங்கள் துறையைச் சேர்ந்த இன்னொரு மறைப்பும் உண்டு. அதை நான் சொல்லாமல் வேறு யார் சொல்வது? "நாட்டு மருந்துதானே சாப்பிடறேன், அதையுமா எழுதணும்?" என்று கேட்கிறார்கள். எழுதத்தான் வேண்டும். நீரிழிவுக்காக என்னிடம் நாலு வருஷமாகச் சூரணம் வாங்கிச் சாப்பிடுகிறவர், ஆங்கில மருத்துவரிடம் போகவில்லை என்பதற்காக நீரிழிவு இல்லாதவர் ஆகிவிட மாட்டார். கட்டுப்பாட்டில் இருக்கும் சர்க்கரையும் சர்க்கரைதான். விண்ணப்பம் கேட்பது நோயை. எந்த முறையில் வைத்தியம் பார்த்தீர்கள் என்பது அடுத்த கேள்வி. நாங்கள் நாடி பிடித்துச் சொன்னதை அமெரிக்க ஆஸ்பத்திரி ஏற்காது என்பது வேறு விஷயம். ஆனால் அங்கே படுக்கையில் சேர்த்த அரை மணி நேரத்தில் ரத்தம் எடுத்து, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் கண்டுபிடித்து, "இது பழைய நோய்" என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிடுவார்கள். இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கேட்டு வாங்குவது அந்தக் கேஸ் ஷீட்டைத்தான்.

ஏன் மறைக்கிறார்கள்? ஏமாற்ற வேண்டும் என்று யாரும் மறைப்பதில்லை. பிரீமியம் ஏறுமே என்ற கவலை பாதி. பிள்ளைக்குத் தெரிந்தால் 'வர வேண்டாம்ப்பா' என்று சொல்லிவிடுவானோ என்ற பயம் மீதி. பேரக் குழந்தையைப் பார்க்கும் ஆசையில், நெஞ்சு வலியையே வாயுப் பிடிப்பு என்று சொல்லிச் சமாளித்த அம்மாக்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால், அங்கே போய் விழுந்தால் அந்தப் பிள்ளையின் தலையில்தானே பில் இறங்கும்?

சொல்வதால் என்ன லாபம், சொல்லாததால் என்ன நஷ்டம் என்பதற்கு உச்ச நீதிமன்றமே பார்த்த ஒரு வழக்கு இருக்கிறது. நம் நாட்டுப் பயணி ஒருவர். 2009 மே மாதம், அமெரிக்காவில் நெருங்கிய உறவினர் வீட்டுக் கல்யாணம். போவதற்கு முன் பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் வெளிநாட்டுப் பயண மெடிக்ளெய்ம் எடுத்தார். மருத்துவப் பரிசோதனை நடந்தது. அவருக்குச் சர்க்கரை நோய் இருப்பது ஆவணத்தில் ஏறியது. நிறுவனமும் பாலிசி கொடுத்தது. மனிதர் சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் இறங்கியதுமே வியர்த்துக் கொட்டி, சோர்ந்துவிட்டார். மாரடைப்பு! ஆஸ்பத்திரியில் சேர்த்து, மூன்று ஸ்டென்ட் வைத்துக் காப்பாற்றினார்கள்.

ஊர் திரும்பிப் பணம் கேட்டால் நிறுவனம் மறுத்துவிட்டது. கொழுப்புச் சத்து அதிகம் இருந்தது, அதற்கான ஸ்டாட்டின் மாத்திரை சாப்பிட்டதை அவர் சொல்லவில்லை, இது ஏற்கெனவே இருந்த நோயின் விளைவு என்பது நிறுவனத்தின் வாதம். தேசிய நுகர்வோர் ஆணையத்திலும் அவர் தோற்றார். கடைசியில் 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. சர்க்கரை இருப்பது தெரிந்தே பாலிசி கொடுத்த நிறுவனம், அதனால் வரக்கூடிய ஆபத்தையும் எடைபோட்டுத்தான் கொடுத்திருக்க வேண்டும். பிறகு அதே காரணத்தைக் காட்டிக் கைவிரிக்க முடியாது என்று சொல்லி, 6 சதவிகித வட்டியோடு சிகிச்சைச் செலவைக் கொடுக்கச் சொன்னது.

இதில் கவனிக்க வேண்டியது என்ன தெரியுமா? அவரைக் கரையேற்றியது, சர்க்கரை இருக்கிறது என்று முன்கூட்டியே ஆவணத்தில் ஏறிய அந்த ஒரு வரி. அவரைப் பன்னிரண்டு வருஷம் கோர்ட் படி ஏற வைத்த காரணங்களில் ஒன்று, சொல்லாமல் விட்ட ஒரு மாத்திரை. உங்கள் மாத்திரை டப்பாவில் எத்தனை இருக்கிறது, எண்ணிப் பாருங்கள்!

இந்த வழக்கிலிருந்து நான் எடுத்துக்கொண்ட இன்னொரு பாடமும் உண்டு. ஏதாவது ஒரு நிறுவனம், "உங்க வயசுக்கு ஈ.சி.ஜி., சர்க்கரை டெஸ்ட் எல்லாம் எடுத்துட்டு வாங்க" என்று கேட்டால் நம்மவர்களுக்குக் கோபம் வருகிறது. "டெஸ்ட் இல்லாம கொடுக்கறவன்கிட்ட போவோம்" என்று கிளம்பிவிடுகிறார்கள். நான் நேர்மாறாகச் சொல்வேன். டெஸ்ட் கேட்கிறவனிடமே போங்கள். இப்போது உங்களைச் சோதித்துப் பார்த்துவிட்டு ஏற்றுக்கொள்கிறவன், பிறகு 'எனக்குத் தெரியாதே' என்று சொல்வது கஷ்டம். ஒன்றுமே கேட்காமல் ஐந்து நிமிடத்தில் பாலிசி கொடுப்பவன், எல்லாக் கேள்வியையும் நீங்கள் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது கேட்பதற்காக மிச்சம் வைத்திருக்கிறான்.

சரி, நோயைச் சொல்லியாகிவிட்டது. இனி பாலிசி என்ன பதில் சொல்கிறது என்று பார்க்க வேண்டும். 'ஏற்கெனவே உள்ள நோய்' என்ற தலைப்பு எல்லாப் பாலிசிகளிலும் இருக்கும். ஏஜென்ட்டுகள் 'பி.இ.டி.' என்று சுருக்கிச் சொல்வார்கள். அந்தத் தலைப்பின் கீழே மூன்று விதமான பதில்கள் இருக்கலாம். 'கிடையவே கிடையாது' என்பது ஒன்று. 'உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும், இவ்வளவு தொகை வரை' என்பது இன்னொன்று. அமெரிக்காவில் விற்கும் பாலிசிகளில் 'அக்யூட் ஆன்செட்' என்று ஒரு வார்த்தை வரும். முன்னறிவிப்பு இல்லாமல், திடீரென்று, எதிர்பாராமல் பழைய நோய் கிளம்பினால், 24 மணி நேரத்துக்குள் சிகிச்சைக்குப் போயிருந்தால் கொடுப்போம் என்பது அதன் பொருள். இந்த வசதிக்கும் 70 வயது, 80 வயது என்று எல்லை வைத்திருப்பார்கள்.

திடீர், எதிர்பாராமல்... இந்த இரண்டு வார்த்தைகளில்தான் வழக்கே இருக்கிறது. வெள்ளிக்கிழமை லேசாக நெஞ்சு கனத்தது, 'பேத்தி பிறந்த நாள் முடியட்டும்' என்று சுக்குக் கஷாயம் குடித்துவிட்டுப் படுத்தீர்கள், திங்கட்கிழமை மயங்கி விழுந்தீர்கள் என்றால், அது திடீர் அல்ல என்று எழுதிவிடுவார்கள். எங்கள் கஷாயத்துக்கு மரியாதை உண்டு. நெஞ்சு வலிக்கு அது மருந்தல்ல. இடது கை இழுத்துக்கொண்டு, வியர்த்து, நெஞ்சு கனத்தால் அந்த நிமிடமே அவசர சிகிச்சைக்குப் போங்கள். உயிருக்கும் அதுதான் நல்லது, பாலிசிக்கும் அதுதான் நல்லது.

கனடா போகிறவர்கள் 'நோய் நிலையாக இருந்திருக்க வேண்டும்' என்ற நிபந்தனையைத் தேடிப் படியுங்கள். பயணத்துக்கு முன்னால் 90 நாளோ 180 நாளோ, மருந்திலோ அளவிலோ மாற்றம் இருந்திருக்கக் கூடாது என்று இருக்கும். இதில்தான் நம் ஜனங்கள் மாட்டிக்கொள்கிறார்கள். டிக்கெட் போட்டு, பெட்டி கட்டி, கிளம்புவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது 'எதுக்கும் ஒரு ஃபுல் செக்கப் பண்ணிடுவோம்' என்று போகிறார்கள். டாக்டர் பி.பி. மாத்திரையை அரையிலிருந்து முழுசாக ஆக்குகிறார். வைத்தியப்படி சரி. பாலிசிப்படி, நிலையாக இருந்த நோய் அன்றைக்கு 'மாறிய நோய்' ஆகிவிட்டது! ஆகவே உங்கள் செக்கப்பை எல்லாம் பயணத்துக்கு ஏழு மாதம் முன்பே முடித்துவிடுங்கள். கடைசி நேரத்தில் அளவு மாறித்தான் ஆக வேண்டும் என்றால் மாற்றிக்கொள்ளுங்கள், பாலிசிக்காக மருந்தைத் தள்ளிப்போடாதீர்கள். ஆனால் மாறியதை நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

அமெரிக்காவைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் போவது அங்கேதான். சுற்றுலா விசாவுக்கு அந்த நாடு இன்சூரன்ஸ் கேட்பதில்லை. கேட்கவில்லை என்பதால் வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். 'அங்கே பெரியவங்களுக்கு அரசாங்கமே வைத்தியம் பார்க்குமாமே' என்கிறார்கள். அது மெடிக்கேர். 65 வயது தாண்டிய அவர்கள் ஊர்க்காரர்களுக்கு. விருந்தாளியாகப் போகும் உங்களுக்குக் கிடையாது. கிரீன் கார்டு வாங்கிய பெற்றோர்கூட, பொதுவாக ஐந்து வருஷம் தொடர்ந்து அங்கேயே வசித்த பிறகுதான் காசு கட்டி அதில் சேர முடியும். இன்னொன்று, அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறவரைப் பணம் இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது என்று 1986-ல் அங்கே சட்டம் வந்தது. நல்ல சட்டம். உயிர் நிலைப்படும் வரை பார்ப்பார்கள். பில்லை மன்னிக்கச் சொல்லி அந்தச் சட்டம் சொல்லவில்லை. பில் பின்னாலேயே வீட்டுக்கு வரும். ஆம்புலன்சுக்கு ஒன்று, ஆஸ்பத்திரிக்கு ஒன்று, டாக்டருக்குத் தனியாக ஒன்று.

அமெரிக்காவுக்கான பாலிசியில் இரண்டு சாதி உண்டு. ஒன்று, ஒவ்வொன்றுக்கும் இவ்வளவுதான் என்று அட்டவணை போட்டது. ஒரு பேச்சுக்கு, ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு ஒரு நாளைக்கு 1,500 டாலர் என்று அட்டவணையில் இருந்து, ஆஸ்பத்திரி 6,000 டாலர் போட்டால், மீதி 4,500 டாலர் உங்கள் மாப்பிள்ளை கொடுக்க வேண்டும். ஒரே ஒரு நாளைக்கு! பாலிசியின் முகப்பில் '50,000 டாலர்' என்று கொட்டை எழுத்தில் இருப்பதால் எந்தப் பிரயோஜனமும் இல்லை. இன்னொரு வகையில், முதலில் ஒரு தொகையை நீங்கள் கட்ட வேண்டும். அதற்கு 'டிடக்டிபிள்' என்று பெயர். அதற்குப் பிறகு ஒரு எல்லை வரை பங்கு போட்டு, அதையும் தாண்டினால் முழுவதையும் பாலிசித் தொகை வரை கம்பெனி கொடுக்கும். உதாரணத்துக்கு டிடக்டிபிள் 250 டாலர், அடுத்த 5,000 டாலருக்கு 80 சதவிகிதம் கம்பெனி பொறுப்பு என்றால், 10,000 டாலர் பில்லில் உங்கள் கையிலிருந்து போவது 1,250 டாலர். பிரீமியம் கூடத்தான். அமெரிக்காவில் மூன்று, நான்கு மாதம் தங்கப் போகும் அறுபது தாண்டியவர்களுக்கு இந்த இரண்டாவது வகையைத்தான் நான் சொல்வேன். அட்டவணைப் பாலிசி எடுப்பதற்கு, அந்தக் காசில் பேரனுக்கு ஒரு சைக்கிள் வாங்கிக் கொடுக்கலாம்.

நம் நாட்டில் ரூபாயில் வாங்கும் பாலிசிகளிலும் அறுபது வயது தாண்டியவர்களுக்கு அறை வாடகை, சர்ஜன் கட்டணம், மயக்க மருந்து என்று உள்ளே உள்ளே உச்சவரம்பு வைத்திருப்பது சகஜம். 'சப் லிமிட் இருக்கா?' என்று ஏஜென்ட்டிடம் நேராகக் கேளுங்கள். 'இல்ல சார்' என்றால், அதைப் பாலிசிப் பத்திரத்தில் காட்டச் சொல்லுங்கள். நம்மூர்ப் பாலிசியில் ஒரு சௌகரியம் உண்டு. கிளெய்ம் மறுக்கப்பட்டால் சென்னையிலேயே இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் அலுவலகம் இருக்கிறது, கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம். முதலில் நிறுவனத்துக்குப் புகார் எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் இல்லை என்றாலோ, பதில் திருப்தி இல்லை என்றாலோ அங்கே போகலாம். அமெரிக்கக் கம்பெனியோடு சண்டை என்றால் அமெரிக்காவில்தான் போட வேண்டும். இதையும் தராசில் வைத்துப் பாருங்கள்.

வயது ஏற ஏறத் தொகை குறைந்துகொண்டே போகும். எழுபதில் ஒரு வெட்டு, எண்பதில் இன்னொரு வெட்டு. எழுபதாவது பிறந்த நாள் பயணத்தின் நடுவில் வருகிறதா என்பதையும் கவனியுங்கள். நம்மில் பலருக்குப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட பிறந்த தேதி வேறு, ஜாதகத் தேதி வேறு. பாலிசிக்குப் பாஸ்போர்ட் தேதிதான்.

மற்ற நாடுகளுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஐரோப்பாவில் ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவப் பாலிசி கட்டாயம். கனடாவில் பெற்றோருக்கான சூப்பர் விசா என்றால் குறைந்தது ஒரு லட்சம் கனடா டாலருக்கு, நுழையும் நாளிலிருந்து ஒரு வருஷத்துக்கு இருக்க வேண்டும். இங்கிலாந்தில் அவசரப் பிரிவில் பார்ப்பது இலவசம்தான். ஆனால் வார்டில் சேர்த்துவிட்டால், இந்தியாவிலிருந்து சுற்றிப் பார்க்கப் போனவரிடம் அவர்கள் வழக்கமான கட்டணத்தைப்போல ஒன்றரை மடங்கு வாங்குவார்கள்.

'எனக்குத்தான் இங்கேயே பத்து லட்சத்துக்கு ஹெல்த் இன்சூரன்ஸ் இருக்கே?' என்று கேட்பவர்களுக்கு: உள்நாட்டுப் பாலிசிகள் பெரும்பாலும் இந்திய எல்லையோடு நின்றுவிடும். பத்திரத்தில் 'இந்தியாவுக்குள் மட்டும்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். உள்நாட்டில் சித்தா, ஆயுர்வேத ஆஸ்பத்திரிச் சிகிச்சைக்கும் பணம் தரும் பாலிசிகள் வந்துவிட்டதே என்று என்னிடம் ஆசையாகக் கேட்டவர்கள் உண்டு. அங்கே போய் எண்ணெய் தேய்த்துக்கொண்டு பில் அனுப்ப முடியாது, ஐயா!

எங்கள் மருந்துகளைக் கொண்டுபோவது பற்றி இரண்டு வார்த்தை. லேகியத்தையும் தைலத்தையும் கைப்பையில் வைக்காதீர்கள், 100 மில்லிக்கு மேல் விடமாட்டார்கள், பெட்டியில் போடுங்கள். அமெரிக்க விமானத்தில் 2018 முதல், ஒரு பெரிய டம்ளருக்கு மேல் பொடி கைப்பையில் இருந்தால் தனியாகச் சோதிப்பார்கள். சூரணமும் பொடிதான். ஆஸ்திரேலியாவில் மூலிகைப் பொருள் எதுவானாலும் இறங்கும்போது எழுதிக் காட்டியாக வேண்டும். உலோகம், தாது சேர்ந்த பற்பம், செந்தூரங்களைக் கொண்டுபோகவே வேண்டாம் என்பது என் யோசனை. ஈயம், பாதரசம் கலந்த இந்திய மருந்துகளைப் பற்றி அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் பல முறை எச்சரித்திருக்கிறது. அங்கே அவசரத்தில் உங்களைப் பார்க்கும் டாக்டருக்குக் குழப்பம் வரவும் அது காரணமாகலாம். பயண காலத்துக்கு வேறு மருந்து கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் இங்கே சாப்பிடும் எங்கள் மருந்தை அந்த டாக்டரிடம் மறைக்கவும் வேண்டாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும்.

இன்னொரு விஷயத்தைப் பேச யாருக்கும் பிடிப்பதில்லை, ஆனால் பேசித்தான் ஆக வேண்டும். பாலிசியில் 'உடலைத் தாயகம் கொண்டுவருதல்' என்று ஒரு வரி இருக்கும். 'கிளம்பும்போது எதுக்கு அபசகுனமா?' என்று அந்தப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள். அங்கேயே தகனம் செய்யலாமா, ஊருக்குக் கொண்டுவர வேண்டுமா என்பதைப் பெரியவர்கள் தாங்களே, நல்ல உடம்போடு இருக்கும்போது, பிள்ளையிடம் ஒரு தடவை சொல்லிவிடுவது பிள்ளைக்குச் செய்யும் உதவி. அந்த வரியில் என்ன தொகை இருக்கிறது என்பதையும் பார்த்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் சொல்லிக் கேட்ட பிறகும், எந்தப் பாலிசியும் உங்கள் நோய்க்கு உருப்படியான பதில் சொல்லவில்லை என்றால்? டயாலிசிஸில் இருப்பவர், போன மாதம்தான் மாரடைப்பு வந்து எழுந்தவர், புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டிருப்பவர், இவர்களிடம் நான் நேராகவே சொல்கிறேன்: "இந்த வருஷம் போகாதீங்க. அவங்களை இங்க வரச் சொல்லுங்க." கண் கலங்கியவர்கள் உண்டு, கோபித்துக்கொண்டு வேறு வைத்தியரிடம் போனவர்களும் உண்டு. பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை சொல்கிறேன். அப்பா அம்மாவை அழைத்துக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சொல்வது உங்கள் தேவை. விசா நேர்முகத்துக்கு எத்தனை போட்டோ வேண்டும் என்று விசாரிக்கிற அக்கறையில் கால் பங்காவது, அம்மா என்ன மாத்திரை சாப்பிடுகிறாள் என்று விசாரிப்பதில் காட்டுங்கள். போனில் கேட்டால் 'ஒண்ணுமில்லப்பா' என்றுதான் சொல்வாள். வீடியோவில் மாத்திரை டப்பாவைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு அட்டையாகத் திருப்பிப் பார்த்து, அதற்குப் பிறகு விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்யுங்கள்.

பாலிசி கைக்கு வந்ததும் அதிலிருக்கும் உதவித் தொலைபேசி எண்ணை இருவரும் மனப்பாடம் செய்ய வேண்டாம், ஒரு அட்டையில் எழுதிப் பாஸ்போர்ட்டோடு வைத்தால் போதும். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே அந்த எண்ணுக்குப் பிள்ளை போன் செய்துவிட வேண்டும். ஜலதோஷம், லேசான வயிற்றுப்போக்கு, கால் சுளுக்கு இவற்றுக்கு அமெரிக்காவில் 'அர்ஜென்ட் கேர்' என்ற சின்ன கிளினிக்குகள் இருக்கின்றன, அங்கே போங்கள். இவற்றுக்கெல்லாம் பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போய், படுக்கையில் சேராமல் திரும்பினால், தனியாக ஒரு தொகையை உங்களிடம் பிடிக்கும் பாலிசிகள் நிறைய. தங்கும் காலம் நீண்டுவிட்டால், பாலிசி முடியும் தேதிக்கு முன்பே நீட்டிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

அந்த அட்டையின் பின்பக்கம் ஒரு பட்டியல் எழுதுங்கள். நோயின் பெயர், எந்த வருஷத்திலிருந்து, சாப்பிடும் மருந்து, அளவு, வேளை. மருந்தின் கம்பெனிப் பெயரை எழுதினால் அங்கே புரியாது, வேதிப் பெயரை உங்கள் டாக்டரிடம் கேட்டு எழுதுங்கள். நம்மூரில் பாராசிட்டமால் என்பதைக்கூட அமெரிக்காவில் அசெட்டமினோஃபென் என்றுதான் சொல்வார்கள். எங்கள் சூரணம் சாப்பிட்டால் அதன் பெயரையும், எதற்காக என்பதையும் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதித்தரச் சொல்லி உங்கள் சித்த வைத்தியரைக் கேளுங்கள். ஒரு நகல் கைப்பையில், ஒன்று பிள்ளையிடம், ஒன்று அந்த வீட்டு ஃபிரிட்ஜ் கதவில். மேலே தேதி போட மறக்காதீர்கள், மருந்து மாறினால் பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதுங்கள்.